மருதப்பன் நீட்டிய மீன்

பஃபலோ ரோட்டுக்கு மீன் வாங்க வருகிறவர்கள் தங்கராஜுவின் கடையை மூக்கால் அறிந்து விலகிப் போவார்கள். அங்கே மீன் விற்பதில்லை. துரைமார் தூண்டிலில் பிடித்ததைத் தோலுரித்து, வெங்காரம் தடவி, மரத்தூள் அடைத்து, சாயம் பூசி, சுவரில் மாட்டப் பலகையில் அறைந்து கொடுப்பார்கள். செத்த மீனில் நிறம் நிற்காது. அதைத் திருப்பிக் கொடுப்பது மருமகன் மருதப்பனின் வேலை. புலால் தொடாத அவரைப்போல் மீனின் நிறம் அறிந்தவர் அந்தக் குடும்பத்தில் யாருமில்லை.

தங்கராஜுவுக்கு ஒரே மகள், சந்திரமதி. 1951இல் கல்யாணம் பேசும்போதே, வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து தொழிலைப் பார்ப்பதாக மருதப்பன் சபையில் தாம்பூலம் மாற்றி வாக்குக் கொடுத்துவிட்டார். மாமனாரே பார்த்து அனுப்பினால் ஒழிய அவராகக் கிளம்ப முடியாது. கிளம்பினால் ஊர்ப்பேச்சை அவருடைய அம்மாதான் கேட்டாக வேண்டும். கீழே கடை, மேலே படுக்கை, சோற்றில் வார்னிஷ் வாடை. ஐந்து வருடத்தில் மாமனார் அவரை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. கோபித்துக்கொண்டு போகக்கூட வழி வைக்காத மனிதர்.

1956இல் மருதப்பனுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்ட் வேலை கிடைத்தது, குடியிருக்க வீட்டோடு. ஒன்றாம் தேதி சேர வேண்டும். உதவாக்கரை என்று மாமனாரே தன்னைத் துரத்தும்படி செய்ய மூன்று வாரம்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் கடற்படைத் துரை ஒருவர் மூன்றடி வஞ்சிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஈரத்தோல் இழுத்த இழுப்புக்கு வரும். மருதப்பன் அதை மூன்றரை அடிக்கு இழுத்தார். வயிற்றை நிறைமாதக்காரிபோல் அடைத்தார். எந்தக் கடலிலும் இல்லாத நீலத்தைப் பூசினார். எட்டிப் பார்த்த சந்திரமதி மேலே போய்ச் சேலைகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

மீனை வாங்க வந்த துரை நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கராஜு கைகளைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். துரை அதைக் காதில் வாங்கவில்லை. தான் சொன்ன அளவை நம்பாமல் கூட்டாளிகள் பிடித்த நாளிலிருந்தே கேலி செய்வதாகவும், இதோ, தான் பிடித்தது அச்சு அசலாக இதே மீன்தான் என்றும் சொன்னார். மருதப்பனின் கையைக் குலுக்கி, எல்லோரையும் இங்கேயே அனுப்புவதாக வாக்களித்துவிட்டுப் போனார்.

தங்கராஜு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் பயந்துட்டேன் லா, மாப்பிள்ளே. எனக்கு இந்த வித்தை தெரியாமப் போச்சு. இனிமே கடையே உங்களதுதான்.”

மாடியில் சந்திரமதி பெட்டியிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

“சின்னதாப் பண்ணியிருக்கணும்.”

“தோலை இழுக்கலாம். சுருக்க முடியாது, சந்திரா.”

ஒன்றாம் தேதி செம்பவாங்கில் அந்த வேலைக்கு வேறு யாரோ சேர்ந்தார். அதே காலையில் மூன்று துரைமார் கடை வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவரும் தம் மீனை மேசைமேல் கிடத்திவிட்டு, அது எவ்வளவு நீளம் என்று மருதப்பனுக்குக் கைகளை விரித்துக் காட்டினார்.