பரசுராமன் கேண்டீனில் வேகாத சோறு

நம்பாத பொருளை விற்கிறவனுக்கு நாக்கு சரளமாக வருகிறது; நம்புகிற பொருளை விற்கப் போனவனுக்கு மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது? வல்லத்துத் தாண்டவராயனைப் பற்றி யோசித்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும். 1991இல் அவன் சுங்குவார்சத்திரத்தில் ஒரு சைக்கிள் கடையின் பாதியை வாடகைக்குப் பிடித்து, வெயிலில் இயங்கும் சாமான்களுக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தான். பெரிய ஏஜெண்ட் என்று சொல்ல முடியாது. சின்ன ஏஜெண்ட் என்று சொல்லவும் ஏதாவது விற்றிருக்க வேண்டும்.

கடையில் மூன்று சாமான்கள் இருந்தன. ஒன்று சோலார் குக்கர்: பெட்டி, மேலே கண்ணாடி மூடி, உள்ளே கறுப்பு வர்ணம் அடித்த அலுமினியப் பாத்திரங்கள். கறுப்பு வெயிலைக் குடித்துச் சூடாகும். இரண்டாவது வெந்நீர்த் தொட்டி: கறுத்த குழாய்களில் தண்ணீர் காய்ந்து தானாகவே மேலே ஏறும். மூன்றாவது ஒரு பேனல். அது வெயிலை நேரே கரண்டாக்கிப் பேட்டரியில் சேர்த்து விளக்கு எரிக்கும்.

வருகிறவர்களிடம் தாண்டவராயன் இப்படித்தான் ஆரம்பிப்பான்: "ஒண்ணு சோறாக்கும், ஒண்ணு தண்ணி காய வைக்கும், ஒண்ணு விளக்கு எரிக்கும். மழ வந்தா மூணுக்கும் லீவு. எனக்கு மழ இல்லன்னாலும் லீவுதான்." அடுத்தவன் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவான். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டான். பயமாகவும் இருந்திருக்கலாம்.

அவன் மனைவி செங்கமலத்துக்கு இந்தச் சிரிப்பு அலுத்துப்போயிருந்தது. அவள் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டோரில் ஓர் இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம்தான் பரசுராமனும் கூப்பிட்டார். சாலையோரம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் கட்டட ஆட்களுக்குச் சமைத்துப்போடும் கேண்டீன்காரர் அவர். "விறகுப் புகையில கண்ணு போவுதுப்பா. உன் பெட்டி சோறாக்கிச்சின்னா வரிசையா வாங்கிப் போடறேன்" என்றார்.

"இது நடந்தா கடை. நடக்கலன்னா உங்க அண்ணன் கம்பெனி" என்று தாண்டவராயன் செங்கமலத்திடம் வாக்குக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை அவன் வண்டியில் தொட்டியையும் பேனலையும் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, அரிசி களைந்து பாத்திரங்களில் போட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுத்தவள் செங்கமலம்தான்.

கட்டட இடத்தில் பெட்டியைத் திறந்ததும் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடித்தது. பாத்திரங்கள் பளபளத்தன. நாலு பேர் பார்க்கப் போகிற பாத்திரம் கரிப்பிடித்தது போல இருக்கலாமா என்று, புளியும் செங்கல் தூளும் போட்டுக் கறுப்பு மொத்தத்தையும் அவள் தேய்த்து எடுத்திருந்தாள். மூடியில் முகம் தெரிந்தது. அது விற்கத் தெரிந்தவன் முகமாகத் தாண்டவராயனுக்குத் தோன்றவில்லை.

பரசுராமனும் வேலையாட்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். வேகும், கொஞ்சம் தாமதமாகும் என்று தனக்கே ஏஜெண்டாகிப் பேசித் தன்னையே சம்மதிக்க வைத்தான். அவன் செய்த ஒரே வியாபாரம் அதுதான். பத்தடி தள்ளித் தார் டின் ஒன்று கிடந்தது. அதில் துணியை முக்கிப் பாத்திரத்தில் பூசியிருக்கலாம் என்ற யோசனை அவனுக்கு வீடு திரும்பும் வழியில்தான் வந்தது.

தொட்டியில் தண்ணீர் நன்றாகவே சுட்டது. உச்சி வெயிலில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? சித்தாள் பாப்பம்மாள் விரலை விட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "தண்ணி சூப்பரா கீதுண்ணே. சோத்துக்குப் பதிலா இத்தயே ஊத்திடு."

விளக்கும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அது எரிவது யாருக்கும் தெரியவில்லை. பாப்பம்மாள் குனிந்து முந்தானையால் மறைத்துப் பார்த்து, "எரியுது, எரியுது. சத்தியமா எரியுது" என்று சாட்சி சொன்னாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. பரசுராமன் மூடியைத் தூக்கி நாலு பருக்கையை எடுத்து நசுக்கினார். நசுங்கவில்லை.

"இன்னாப்பா, அரிசி ஊறிக்கினு கீது?"

"குளிச்சிக்கினு இருக்குது சார். வெந்நீரு அந்தாண்ட கீது, அத்த வுட்டுட்டு இது இங்க குளிக்குது" என்றான் தாண்டவராயன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சோற்றை நம்பி நின்ற ஆட்கள் அன்று டீக்கடை பன்னைத் தின்று வேலைக்குப் போனார்கள்.

பரசுராமன் மட்டும் சிரித்து முடித்த பிறகும் நின்றார். கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்: "கோளாறு இன்னான்னு சொல்லு. சரிபண்ணிக்கினு நாளைக்கு வா. நான் பொறுத்துக்கறேன்."

"கோளாறு ஒண்ணும் இல்ல சார்."

வீட்டில் செங்கமலம் வாசலிலேயே கேட்டாள். "வெந்துச்சா?"

"வேகல. ஆனா பாத்திரம் கண்ண பறிக்குதுன்னு பேசிக்கினாங்க."

அவள் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "அந்தக் கறுப்பு வேணுமா அதுக்கு? இத்தினி நாளா வாய் கிழிய பேசறீங்களே, எனக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்று ஆரம்பித்து, "எம்மேல தப்புன்னு அவருகிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்பதில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

தன் பொருளின் குறைகளை ஊருக்கெல்லாம் சொன்னவன் அதன் அருமையை வீட்டில் சொல்லவில்லை. பரசுராமனிடம் அவளைக் காட்டிக்கொடுக்காததைப் பெருந்தன்மைக் கணக்கில் எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் ஆள் அனுப்பினார். கம்பெனி வேலைக்காக நச்சரித்த செங்கமலமே அன்று சொன்னாள்: "போய் வாங்க. இன்னொரு வாட்டி ஆக்கிக் காட்டுங்க. ஸ்டோரு எங்க போவப்போவுது?" கடையில் கறுப்பு வர்ணம் பாதி டின் இருந்தது. வெயிலுக்கும் அன்று குறைச்சல் இல்லை.

தாண்டவராயன் மத்தியானம் உட்கார்ந்து பாத்திரங்களுக்கு வர்ணம் அடித்தான். காய்ந்ததும் பெட்டிக்குள் வைத்து மூடினான். அதுவரை காத்திருந்த ஆளிடம், தான் வரவில்லை என்று சொல்லி அனுப்பினான். திங்கட்கிழமை ஸ்டோரில் சேர்ந்தான்.

ஏன் என்று செங்கமலம் பல வருஷம் கேட்டாள். வேறு எதைக் கேட்டாலும் கேலியாவது பேசுவான். இதற்கு மட்டும், "கறுப்பு அடிச்சும் வேகாம போயிருந்தா?" என்று அவளையே திருப்பிக் கேட்பான்.