சாலைக்கு அடியில் போன பித்தளைக் குமிழ்

ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவின் வீடுகளைத் தாரால் பாதி புதைத்துவிட்டு, வீடுகள்தான் இறங்கிவிட்டன என்று பொய் சொல்கிறார்கள். இது சந்தேகம் இல்லை. அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் அளக்கப் போகவில்லை. கல் தேடப் போனேன். நில அளவைக்காரர்கள் ஊர் முழுக்க உயரக்குறிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் கருங்கல்லின் தலையில் ஒரு பித்தளைக் குமிழ், சில இடங்களில் சுவரில் வெட்டிய ஒரு கோடும் அதற்குக் கீழே ஓர் அம்பும். ஒவ்வொன்றும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டணம் கட்டிக் கேட்டு வாங்கலாம். சாலையும் சாக்கடையும் அந்த எண்ணைப் பிடித்துத்தான் கட்டப்பட வேண்டும். இந்தக் குறிகளைக் கண்டுபிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவது என் பொழுதுபோக்கு. ஜுருவில் தொழிற்சாலை வேலை. ஓய்வு நாளில் பேரங்காடியில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு நடக்க எனக்குப் பொறுமை இல்லை.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குச் சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். பட்டர்வொர்த் வரை இருபது கிலோமீட்டர் சொச்சம். மோட்டாரை அங்கேயே நிறுத்திவிட்டு ஃபெரி ஏறினேன், கட்டணம் இரண்டு வெள்ளி. இந்த ஊரில் இன்னும் நியாயமான விலைக்குக் கிடைப்பது அந்தக் கடல்காற்று ஒன்றுதான். இறங்கி நடந்தால் கால் மணி நேரத்தில் அந்தத் தெரு. பெயரை எழுத மாட்டேன். அங்கே இருப்பவர்கள் வேண்டாம் என்றார்கள், காரணம் படித்தால் புரியும்.

முதல் குறி சுலபம். தெருமுனையில் ஒரு பழைய கிடங்கு, அதன் அடிச்சுவரில் கோடும் அம்பும். நான் வாங்கிய விவரத்தில் அது இடுப்பளவு உயரத்தில் இருப்பதாக இருந்தது. எனக்கு முழங்காலுக்குக் கீழே இருந்தது. நான் அவ்வளவு வளர்த்தி இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படம் எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தேடிப் போனேன்.

இரண்டாவது, பித்தளைக் குமிழ் வைத்த கல். ஒரு தையல்கடை வாசலில், சாலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். அங்கே கல் இல்லை. சாலையிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் அந்தக் கடைக்குள் போக முடிந்தது. உள்ளே தையல் மெஷின்கள் செங்கல் மேல் நின்றன. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர்க் கறை.

"யாரு தங்கச்சி, மீட்டர் பாக்கவா?" கடைக்காரர் செல்வியக்கா நிமிராமலே கேட்டார்.

"இல்லக்கா. ஒரு கல்லு தேடுறேன். தலையில பித்தளைக் குமிழ் இருக்கும்."

"தேங்காக் கல்லா? அது உள்ள போயி ரொம்ப நாளாச்சு லா."

அது ரதம் போகும் தெரு. தைப்பூசத்தன்று அவர்கள் வீட்டு முதல் தேங்காயை அந்தக் குமிழில்தான் உடைப்பார்களாம். அவர் மாமனார் காலத்துப் பழக்கம். தேங்காய் உடைப்பதற்கென்றே யாரோ புண்ணியவான் நட்டு வைத்தது என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். நான் பதறிப்போய், அது அரசாங்கக் கல், அதை அடிக்கக்கூடாது என்றேன்.

பக்கத்துச் சாப்பாட்டுக்கடை ஜமால் அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இத்தனை வருஷமா கவர்மெண்டு தலையிலயா தேங்கா உடைச்சீங்க? அதான் உங்க ஜாலானை, இந்த ரோட்டை, இப்படி ஏத்திட்டான்!"

"உங்க கடையுந்தான் முங்குது. சிரிங்க, நல்லா சிரிங்க."

சிரிப்பு அதோடு நின்றது. செல்வியக்கா கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதுத் தார். மழை பெய்தால் சாலைத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள். நகர மன்றத்தில் முறையிட்டதற்கு வந்து பார்த்த அதிகாரி, வீடு இறங்கிவிட்டது, தரையை நீங்கள்தான் உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒருமுறை செல்வியக்கா உயர்த்தினார். இப்போது பின்கட்டுக்கு அவர் குனிந்துதான் போகிறார். சாலையில் தார் வேலைக்குப் போட்ட மஞ்சள் பெயின்ட் கோடு புதிதாக இருந்தது. ரதம் வருவதற்கு முன் மறுபடியும் தார் போடப் போகிறார்கள். "இன்னொரு தடவை தரையை ஏத்துனா தவழ்ந்துதான் போவணும். கடைய மூடிருவேன், தங்கச்சி."

வாசற்படிக்கும் சாக்கடைச் சுவருக்கும் நடுவில் ஒரு பள்ளம், அதன் மேல் பலகை, பலகை மேல் கற்றாழைத் தொட்டிகள். அவரே தொட்டிகளை நகர்த்தினார், பலகையைத் தூக்கினார், சேற்றைக் கையால் வழித்தார். குமிழ் தெரிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்ததும் பளபளவென்று மின்னியது. சாலை அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது.

அப்போது செல்வியக்கா செய்ததை நான் யோசித்திருக்கவே மாட்டேன். உள்ளே போய் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தார். முன்பெல்லாம் பூசைக்கு அதன் ஒரு விளிம்பை வாசற்படியிலும் மறு விளிம்பைக் குமிழிலும் வைப்பார்களாம், சூடம் சரியாமல் நிற்குமாம். தரையை உயர்த்தியபோதும் வாசற்படியைத் தொடவில்லை, அதனால் அதேபோல வைத்தார். ஆடாமல், சாயாமல் உட்கார்ந்தது.

"வீடு எங்க இறங்குச்சு?" என்றார்.

"ரெண்டும் சேந்து இறங்கியிருந்தா?" என்றார் ஜமால் அண்ணன். எரிச்சலாக வந்தது, ஆனால் சரியான கேள்வி.

பதில் தெருமுனையில் இருந்தது. இரண்டு குறிகளின் உயரமும் என்னிடம் இருந்ததால், அவற்றுக்கு இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது தெரியும். அதே வித்தியாசம் இன்னும் இருந்தால் கல் அசையவில்லை, வீடும் அசையவில்லை. இரும்புக்கடையில் பன்னிரண்டு வெள்ளிக்கு நீளமான பிளாஸ்டிக் குழாய் வாங்கினேன். உள்ளே தண்ணீர் நிரப்பினால் எவ்வளவு தூரத்தில் பிடித்தாலும் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும், கொத்தனார்களின் பழைய வித்தை. தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஜமால் அண்ணன் கடையிலிருந்த சிராப், ரோஜா சர்பத், ஊற்றிச் சிவப்பாக்கினார். குழாய் தெருமுனை வரை எட்டாததால், நடுவில் ஒரு தூணில் பென்சில் கோடு போட்டு இரண்டு தாவலாகப் போனோம்.

"ஆட்டாதீங்கண்ணே!"

"நான் ஆட்டல, என் தொப்பை ஆட்டுது."

கிடங்குச் சுவரில் அந்தச் சிவப்புத் தண்ணீர் மெல்ல ஏறி, இறங்கி, நின்றது. அளவுநாடாவை வைத்தேன். இருக்க வேண்டிய வித்தியாசத்துக்கும் எங்கள் அளவுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

நான் எத்தனையோ குறிகளைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்க்க மறுபடியும் தையல்கடை வாசலுக்கே திரும்பிப் போனேன். யாரோ, எப்போதோ, கடலிலிருந்து அளந்துகொண்டே வந்து இந்தக் குமிழை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே தேங்காய் விழுந்தது, சேறு விழுந்தது, தார் ஏறியது. ஊரே சேர்ந்து பொய் சொன்னபோதும் அது தன் உயரத்தை மாற்றிச் சொல்லவில்லை. மலை உச்சியில் நின்றிருக்கிறேன், நடுக்கடலில் மழை பார்த்திருக்கிறேன். ஒரு கைப்பிடிப் பித்தளை முன்னால் தலை குனிந்தது அங்கேதான். செல்வியக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. நானும் தொட்டேன்.

நீங்களும் உங்கள் பக்கத்தில் குறி தேடிப் போவதாக இருந்தால்: காலை எட்டு மணிக்குள் தெருவில் இருங்கள், பதினொன்றுக்கு மேல் வெயில் ஆளைத் தின்றுவிடும். பழைய குறிகள் பலவும் தனியார் வாசலில் இருக்கின்றன, கேட்காமல் உள்ளே போகாதீர்கள், நீங்களாக எதையும் தோண்டாதீர்கள். குறியைச் சுரண்டுவதும் அசைப்பதும் குற்றம். குழாய் மட்டத்தை நீதிமன்றம் ஏற்காது, முறையான அளவைக்காரர்தான் அளக்க வேண்டும். அதற்குச் செல்வியக்கா மனு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு அன்று மொத்தச் செலவு, சாப்பாடும் போகவர ஃபெரியும் குழாயும் சேர்த்து, முப்பது வெள்ளிக்குள். மீன்கறிக்கு ஜமால் அண்ணன் காசு வாங்கவில்லை.

நாங்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் கோட்டைச் சரிபார்க்கத் தார் வேலையின் மேற்பார்வையாளர் மோட்டாரில் வந்தார். நம் தமிழ் ஆள்தான். செல்வியக்கா அவரைப் பள்ளத்தருகே கூட்டிப்போய்க் குமிழைக் காட்டினார், தாம்பாளத்தை வைத்துக் காட்டினார், தெருமுனை அம்பையும் காட்டினார். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். குனிந்து, தன் கையாலேயே சாண் போட்டும் பார்த்தார்.

"தம்பி, வீடு இறங்கல. உன் கண்ணாலயே பாத்துட்ட. பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசு போடு. போடுறேன்னு இங்கயே, இந்தக் கல்லு முன்னால சொல்லிட்டுப் போ."

அவர் வாக்குக் கொடுக்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரை உதைத்துக் கிளப்பினார்.