நின்ற இடத்தில் பெட்ரோல் குடித்த கார்

கார் மெக்கானிக்கிடம் வருகிறவர்கள் சொல்லும் வியாதிகள் இரண்டே இரண்டுதான்: ஒன்று, வண்டி ஓடவில்லை, இன்னொன்று, ஓடுகிறது, ஆனால் குடிக்கிறது. முதல் வியாதிக்கு நான் பயந்ததே இல்லை. ஓடாத வண்டி பொய் சொல்லாது. குடிக்கிற வண்டி இருக்கிறதே, அது சொந்தக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் சேர்த்தே தண்ணி காட்டும். காரை வாங்கிவிட்டு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தூக்கத்தில்கூட வகுத்துப் பார்த்த அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எழுபதுகளில் செகந்திராபாத்திலிருந்து அல்வால் போகும் சாலையில் என் ஒர்க் ஷாப் இருந்தது.

பின்னாலிருந்து பிடிக்கிறவன்

மௌலா அலி பக்கத்துத் தொழிற்சாலைக் காலனியிலிருந்து ஓர் அதிகாரி அம்பாசிடரில் வந்தார். பூர்வீகம் வேலூர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேடு ஏறும்போது யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றார். பெட்ரோல் ஒன்றரை மடங்கு ஆகிறதாம். அவர் மனைவி முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார். பின் சீட்டில் பிள்ளைகள் உட்காரக் கூடாது என்றும் உத்தரவு. அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருப்பதாக அந்த அம்மாவுக்கு நினைப்பு.

ஓட்டிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, மேட்டில் உண்மையிலேயே ஒரு பிடி இருந்தது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். உருள வேண்டிய வண்டி தயங்கித் தயங்கி நின்றேவிட்டது. திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் பின்சக்கரத்தில் கை வைத்தேன், தோசைக்கல்லாகக் கொதித்தது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி, விட்டாலும் விடாமல் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். அதிகாரி கிளம்பும்போது என் காதருகே வந்து சொன்னார்:

"கேபிள் மாத்தினதை வீட்ல சொல்லிடாதப்பா. எலுமிச்சம்பழம்தான் வேலை செஞ்சுதுன்னு இருக்கட்டும், இல்லன்னா அடுத்தது பூசணிக்காய்."

பன்னிரண்டு, ஒன்பது, ஆறு

ரெஜினா டீச்சர் அல்வாலில் தனியாக இருந்தார். திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் சாமுவேல் சார் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மன், வண்டியை என்னிடம்தான் விடுவார். அந்த வருஷம் பிப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டார். பழைய ஃபியட் ஒன்றும், அதன் டேஷ்போர்டில் ஒரு நோட்டும் மிஞ்சின. பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டரையும் லிட்டரையும் சார் அதில் பென்சிலால் குறிப்பார். அவருக்குப் பிறகு டீச்சர் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போய் வருவார், வண்டிக்கு அவ்வளவுதான் ஓட்டம்.

செப்டம்பரில் அந்த நோட்டோடு வந்தார். சார் கையெழுத்தில் லிட்டருக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு என்று பக்கம் பக்கமாக இருந்தது. டீச்சர் கையெழுத்தில் பதினொன்று, ஒன்பது, ஏழு, ஆறு. சாதாரணமாக மைலேஜ் ஏறும், இறங்கும். இது ஒரு தடவைகூட ஏறவில்லை; மாடிப்படி இறங்குகிறவர்போல ஒவ்வொரு படியாக இறங்கியிருந்தது. டீச்சரும் வெளிறிப்போய், தலைவலி என்று நெற்றி நிறையத் தைலம் தடவியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது இந்தக் குடிகார வண்டியை விற்றுவிடப் போவதாக மெட்ராஸ் மகன் எழுதியிருக்கிறானாம்.

"இந்த வண்டியும் போச்சுன்னா அந்த வீட்டுல எனக்குன்னு ஒண்ணுமில்ல தம்பி. எப்படியாவது பன்னெண்டக் கொண்டாந்துரு."

ரோட்டில் யோக்கியன்

பிளக்கைக் கழற்றினேன், நான்கும் கரிக்கட்டை. பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை இழுத்து வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களின் பிளக்தான் இப்படி இருக்கும். டீச்சரோ இன்ஜின் சூடானதும் சோக்கைத் தள்ளிவிடுகிறவர், என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சரி என்று பிளக்கையும் கார்பரேட்டரையும் சுத்தம் செய்தேன். டாங்கின் கீழே நாள் முழுக்கப் பழைய பேப்பர் விரித்துவைத்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடைசியாக டாங்க் குழாயைக் கழற்றிவிட்டு, அளந்த ஒரு லிட்டர் பாட்டிலை இணைத்துப் பொல்லாரம் ரோட்டில் விட்டேன். பன்னிரண்டரை கிலோமீட்டர் போய் நின்றது.

மார்தட்டிக்கொண்டு வண்டியைக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. நோட்டில் ஐந்தரை. பிளக் நான்கும் மறுபடி கரிக்கட்டை. மாதத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி இது. டீச்சர் நோட்டை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"உன் கையில பன்னெண்டு, என் கையில அஞ்சரை. வண்டிக்கு ஆள் தெரியுமோ தம்பி?"

நெருங்கி வந்த வீடு

அதே வாரம் நாச்சாரம் தொழிற்பேட்டையிலிருந்து இன்னொருவர் வந்தார். லேத் பட்டறை வைத்திருந்த தமிழர், இரண்டு தலைமுறையாக இங்கேயே இருப்பதால் பேச்சில் பாதி தக்கனி உருது. மைலேஜ் குறைகிறது என்பதை அவர் சொன்ன விதம் வேறு: வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கிற ரோடு சுருங்குகிறதாம். போன மாதம் மீட்டரில் பதினொரு கிலோமீட்டர், பிறகு ஒன்பது, இப்போது ஏழு. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்றார், விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

மீட்டர் கேபிளின் முனை தேய்ந்து, சுற்ற வேண்டிய சமயத்தில் சுற்றாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. வண்டி நியாயமாகத்தான் குடித்தது, தூரத்தைத்தான் குறைத்து எண்ணியது. புதுக் கேபிளைப் போட்டு, ரோடு மறுபடி பதினொன்றாக நீண்டதைக் காட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஹவ், இப்ப சிரிக்கலாம் பாய். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா வீடு வந்து என் லேத் மேலயே உக்காந்திருக்கும்னு நெனச்சேன்."

யாதகிரி ஐந்து மணிக்குப் போய்விடுவார்

உடனே டீச்சர் வண்டியின் மீட்டரையும் சோதித்தேன். அது சத்தியவான். ஓட்டத்தில் குறையில்லை, ஒழுகலும் இல்லை என்றால் மிச்சம் திருட்டுதான். ஒருநாள் மத்தியானம் டீச்சர் ஜெபக் கூட்டத்துக்கு நடந்து போயிருந்த நேரத்தில் அல்வாலுக்குப் போனேன். என் சந்தேகமெல்லாம் தோட்டக்காரர் யாதகிரி மேல். பெட்ரோல் உறிஞ்சுகிற ரப்பர் குழாய் எங்கே என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை, ஷெட் கதவைத் திறந்துவிட்டுக் கொய்யா மரத்தடியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னேன், தலையை ஆட்டினார்.

செங்கல் சுவர், சிமென்ட் ஷீட் கூரை, இரட்டை மரக்கதவு. வண்டி பின்புறமாக ஏற்றி நிறுத்தியிருந்தது. சைலன்சருக்கு நேராகச் சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பு வட்டம். விரலால் தொட்டேன், புதுக் கரி ஒட்டியது. டீச்சர் குள்ளம், ஸ்டியரிங் எட்டுவதற்குக் குஷன் போட்டுத்தான் ஓட்டுவார். அந்தக் குஷன் டிரைவர் சீட்டில் இல்லை. பக்கத்து சீட்டில், ஆள் உட்கார்ந்து எழுந்த குழியோடு கிடந்தது. அப்படியென்றால் டிரைவர் சீட்டில் யார்? வெளியே வந்தேன். யாதகிரி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"சாயங்காலம் ஆறுக்கு வண்டி ஸ்டார்ட் ஆவுது பாய், வெளிய வராது. உள்ள அம்மா மட்டும் பேசுது, நடுவுல நிறுத்தி யாரோ பேசறதக் கேட்டுக்குது. ரெண்டு தபா கேட்டேன். அப்புறம் நக்கோ, வேணாம்னு நான் அஞ்சுக்கே போயிடுவேன்."

ஷெட்டுக்குள்

மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். வெளிச்சம் இருந்தது. வீடு திறந்து கிடந்தது, ஆளில்லை. மூடிய ஷெட்டுக்குள்ளிருந்து ஃபியட்டின் முனகல் மட்டும் கேட்டது. கதவைத் தள்ளினேன். நீலப் புகை முகத்தில் அடித்தது. இடதுபக்க சீட்டில், குஷன்மேல், டீச்சர் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. காலியான டிரைவர் சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. சாவியைத் திருகி அணைத்துவிட்டு, அவரை வாரித் தூக்கிக் கொய்யா மரத்தடியில் போட்டேன். டீச்சர் இரண்டு முறை வாந்தி எடுத்தார், அப்புறம்தான் ஆள் யார் என்று தெரிந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். முதலில் சார் சுவரோரம் நின்றாராம். பிறகு பானெட் பக்கம் வந்தாராம். இப்போது பத்து நாளாக டிரைவர் சீட்டில் உட்காருகிறாராம். நேற்று, வா என்கிறதுபோலக் கையை நீட்டினாராம். நோட்டில் இருந்த ஒன்பதும் ஏழும் ஆறும் என்னவென்று எனக்கு அப்போது விளங்கியது. டீச்சர் அந்தப் புகையில் உட்கார்ந்திருந்த நேரம் அது, வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போயிருக்கிறது. பயத்தில் அவர்மேல் எரிந்து விழுந்தேன். மூடின ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி எந்த மடையன் சொன்னான் என்று கேட்டேன். டீச்சர் குழப்பமாக என்னைப் பார்த்தார்.

"நீதான தம்பி சொன்ன. துக்கத்துக்கு வந்தப்ப, தினமும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க டீச்சர், இல்லன்னா பாட்டரி இறங்கிரும்னு."

கதவு

சொன்னேன். ஓடாமல் நிற்கிற வண்டியைப் பார்த்தால் எந்த மெக்கானிக்கும் சொல்கிற வார்த்தை, உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. செத்தவர் வண்டியோடு பேசுகிறாள் என்று தெருவில் சொல்வார்களே என்று டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார். நின்ற இடத்தில் ஓடுகிற இன்ஜினும் குடிக்கும் என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியவில்லை. ஓட்டம் இல்லாமல் செலவு ஏது என்று இருந்துவிட்டார்.

அடைத்த இடத்தில் அந்தப் புகை தலைவலி கொடுக்கும், இல்லாததைக் காட்டும், கடைசியில் எழுப்ப முடியாமல் தூங்க வைத்துவிடும் என்று சொன்னேன். பாடம் கேட்கிறவர்போலக் கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, நாளைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் கதவு இருக்கட்டுமே என்றார். நான் யாதகிரியை அவர் வீட்டிலிருந்து கூட்டிவந்து, அன்றைக்கே இரண்டு கதவையும் கீலோடு கழற்றி என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பாட்டரி இறங்கினால் என் பொறுப்பு என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்த மகன் நோட்டைப் பார்த்துவிட்டு, விற்கிற பேச்சை விட்டுவிட்டான். ஜனவரியில் டீச்சர் சர்வீஸுக்கு வந்தார். தைலம் இல்லை, முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. மைலேஜ் எப்படி டீச்சர் என்று கொஞ்சம் பெருமையாகவே கேட்டுவிட்டேன். நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"பன்னெண்டு வந்துட்டு தம்பி. அவுகதான் வரல."

ஒரு வண்டியை முழுசாகக் குணப்படுத்திவிட்டு, சொந்தக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல், கையிலேயே இருந்த ஸ்பானரை நான் குனிந்து தேடினது என் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.