மாமா சேர்த்த ஷெல்கள்

என் மாமா ஷெல் சேர்க்கிறார் என்று வகுப்பில் சொன்னபோது, ஆசிரியை அதைக் கடற்கரைச் சிப்பி என்று நினைத்து, ஒன்றிரண்டு கொண்டுவரச் சொன்னார். மாமா சேர்த்தவை பீரங்கி ஷெல்கள். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்கு வந்து, மனுரேவாவில் எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பி அவர். மாமி பின்னால் வருவார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வார நாட்களில் பண்டகசாலையில் பெட்டி அடுக்குவார். சனிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பழைய சாமான் சந்தைக்குப் போவார்.

கண்டதையெல்லாம் வாங்கமாட்டார். படையாட்கள் பீரங்கியில் ஏற்றிப் பழகுவதற்காக, வெடிமருந்தே இல்லாமல் செய்த பயிற்சி ஷெல்தான் அவருக்கு வேண்டும். விற்பவர்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்கள். மாமா அதைக் கவிழ்த்து, பயிற்சிக்கானது என்ற பொறிப்பு அடித்தட்டில் இருக்கிறதா என்று விரலால் தடவுவார். உள்ளே மருந்தில்லை என்று காட்டப் பக்கத்தில் போடும் துளை, செய்தபோதே போட்டதா, பிற்பாடு யாரோ போட்டதா என்று பார்ப்பார். அடித்தட்டின் நடுவில் பீரங்கியின் ஊசி குத்திய தடம் இருந்தால், அது ஒருமுறை சுடப்பட்டது. உடனே கீழே வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

உடுப்புத் தோய்க்கும் மெஷின் எங்கள் கராஜில் இருந்தது. அங்கே நாலைந்து ஷெல் சேர்ந்ததும், அம்மா குளியலறையில் கையால் தோய்க்கத் தொடங்கினார்.

“இது ஒருத்தரையும் ஒண்டும் செய்யேல்லை அக்கா. செய்யவும் ஏலாது. வந்து பாருங்கோ.”

“எனக்குப் பாக்கத் தேவையில்லை. ஷெல் ஷெல்தான்.”

வீடுகளின் பழைய சாமான்களை நகரசபை லொறி வந்து அள்ளும் வாரம் வந்தது. தெரு முழுக்கக் கிழிந்த மெத்தையும் உடைந்த கதிரையுமாகக் குவிந்து கிடந்தன. மாமா வேலைக்குப் போனபின், அம்மா ஷெல்களைப் போர்வைத் துண்டால் பிடித்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வெளியே வைத்தார். மத்தியானத்துக்குள் ஒரு வேன்காரர் வந்து, வாயெல்லாம் சிரிப்பாக எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் மாமாவிடம் நான்தான் சொன்னேன்.

“அந்த ஆள் துளையைப் பாத்தவரோ?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வேனில் போனது தெரிந்தும், தெருவில் இறங்கி ஒவ்வொரு குவியலாகக் கிளறிக்கொண்டே போனார். வாசலில் நின்ற அம்மா, செருப்புக்கூடப் போடாமல் பின்னால் போய்த் தானும் தேடத் தொடங்கினார்.

“எனக்குப் பயமாக் கிடந்தது தம்பி.”

“தெரியும் அக்கா.”

ஏதாவது ஆறுதல் சொல்ல எனக்கும் ஆசையாக இருந்தது.

“மாமி வந்த பிறகு அவவோட போய் வேற வாங்குவம் மாமா.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா என் தலையைத் தடவி, “ஓம்” என்றார்.

அடுத்த மாதமே அவர் நகரின் மறுபக்கம், நியூ லின்னில் தனி அறை எடுத்துப் போய்விட்டார். பிறகு எதையும் சேர்க்கவில்லை. ஊரில் அவர்கள் வீட்டின்மேல் ஷெல் விழுந்தபோது மாமி குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றார் என்பதை எனக்குச் சொல்ல, வீட்டாருக்கு இன்னும் சில வருடங்கள் பிடித்தன. மாமிக்கு விசா தாமதம் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் ஓடிப்போய், விசா வந்துவிட்டதா என்று கேட்பேன்.

“இன்னும் வரேல்லை பிள்ளை” என்பார்.