அண்ணன் திருப்பிப் போடச் சொன்ன காட்சி

டேனரியில் தோலைச் சீவும் ஷேவிங் மிஷினில் அண்ணனின் வலது கை மணிக்கட்டோடு போனபோது அவனுக்கு இருபத்தாறு வயது. நான் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையலுக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காயம் ஆறியதும் வேலூர் ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு செயற்கைக் கை செய்து கொடுத்தார்கள். தோளில் வார் போட்டு மாட்ட வேண்டும். நுனியில் திறந்து மூடும் இரும்புக் கொக்கி. வீட்டுக்கு வந்ததும் அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டான். அதற்கப்புறம் வெளியே போவதில்லை, பேச்சும் கம்மி.

எதிர்வீட்டு பாய் சவுதியிலிருந்து டி.வி.யும் வீடியோ டெக்கும் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதித் தெரு அவர் வீட்டில் இருக்கும். ஒரு நாள் அண்ணனையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அன்று ஓடியது அமெரிக்கத் தொடர்.

"இவன் பிளேன் ஓட்றவன். கீழ விழுந்து கை, காலு, ஒரு கண்ணு போச்சு. கவர்மெண்டு மிஷின் கை, மிஷின் காலு வெச்சுது. இனிமே ரகசிய வேலை பாக்கணும்," என்று பாய் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இது தெரிந்திருந்தால் அழைத்து வந்திருக்கவே மாட்டேன். கதாநாயகன் காரைவிட வேகமாக ஓடுகிறான் என்றார் பாய். திரையிலோ அவன் ஸ்லோ மோஷனில் நிதானமாக மிதந்துகொண்டிருந்தான்.

"இன்னா பாய், நானே இவன முந்திடுவேன்!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரோ அண்ணனைப் பார்க்க, சிரிப்பு நின்றது.

"போலாம் வாண்ணா," என்றேன் மெதுவாக.

"இரு."

படம் முடிந்ததும் அண்ணன் கேட்டான்: "பாய், கொஞ்சம் திருப்பிப் போடுவீங்களா?"

"எது தம்பி, ஓடறதா?"

"இல்ல. ஆஸ்பத்திரியில படுத்துனு இருப்பானே, அது."

பாய் திருப்பிப் போட்டார். கட்டிலில் கிடந்தவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸிடம் ஏதோ சொன்னான்.

"இன்னா சொல்றான்?"

பாய் தயங்கினார். "என்னை எதுக்குக் காப்பாத்துனீங்கன்னு கேக்கறான்."

"அந்த அம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லல. பக்கத்துலயே உக்காந்துனு இருக்காங்க."

அண்ணன் தலையாட்டினான்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, "பரண்ல இருக்கறத எடு," என்றான். வாரை இறுக்கிக் கட்டிவிட்டேன். முதல் வாரத்தில் மூன்று கண்ணாடி டம்ளர் உடைந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் எவர்சில்வர் டம்ளரை வைத்தாள்.

ஆறு மாதம் கழித்து அதே டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. கொக்கியால் தோலை இழுத்துப் பிடித்து, இடது கை விரல்களால் தடவிப் பார்ப்பான். தெருப் பிள்ளைகள் கேட்டால், திரையில் பார்த்தது போல ஆடி அசைந்து ஓடிக் காட்டுவான்.

குடியாத்தத்தில் பெண் பார்க்கப் போனபோது, அவனாகவே கொக்கியை முன்னால் நீட்டி, "இதப் பாத்துட்டு சொல்லுங்க," என்றான்.

அந்தப் பெண் குனிந்து நன்றாகப் பார்த்தாள். "மழையில துரு புடிக்குமா?"

"புடிக்கும். அப்பப்ப எண்ணெ போடணும்."

"சரி," என்றாள். அடுத்த தை மாதம் எனக்கு அண்ணி வந்தாள்.