பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

பிள்ளைகளே, நம் பழைய ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் படமே இல்லாமல் நான்கு மூலைக் காகிதங்கள் மட்டும் ஒட்டியிருக்கின்றன. அந்தப் படம் எங்கே என்று மூன்று பேரும் கேட்டிருக்கிறீர்கள். எங்கோ விழுந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். பெரியவள் மட்டும் அதை நம்பவில்லை. அது அவளுடைய படம், அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது எடுத்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தேன். ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு வீடுகள், பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய பாக்ஸ் கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பிலிமை நகர்த்தும் திருகைக் கையால் சுற்ற வேண்டும். கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி வைத்த ஓட்டை இருக்கும். சுற்றச் சுற்ற முதலில் புள்ளிகள் வரும், பிறகு அடுத்த எண் வரும். எண் நடுவில் வந்து நிற்கும்வரை சுற்ற வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு நாளில் உங்கள் அம்மா அரிசி களைவது, தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்துவது, பெரியவள் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பது என்று இவைதான் என் படங்கள். லைனில் என்னைக் கேலி செய்வார்கள். கல்யாணத்தை எடுக்காமல் கஞ்சித்தண்ணியை எடுக்கிறான் என்பார்கள்.

பக்கத்து வீட்டில் என்னோடு வேலை செய்தவர் குடியிருந்தார். அவர் மனைவி பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்துப் பெண். குழந்தை இல்லை. பெரியவள் பொழுது விடிந்தால் அந்தப் பெண்ணின் இடுப்பில்தான் இருப்பாள். அத்தே, அத்தே என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். அந்தப் பெண்ணின் வலது மணிக்கட்டில் ஐந்து புள்ளி வைத்த சின்னக் கோலம் பச்சை குத்தியிருக்கும்.

அவளைப் படம் எடுக்க நான் பலமுறை முயன்றேன். முடியவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவள் ஊரில் சொல்லியிருந்தார்கள். குழந்தையை நிற்கவைத்துப் பிடித்துக்கொள்வாள், நான் குனிந்ததும் உடம்பை வளைத்து ஒதுங்கிவிடுவாள்.

“என்னிய எடுக்காதண்ணா. என் கைய வேணா எடுத்துக்கோ, அது போனா போவுது” என்று சிரிப்பாள்.

அதனால்தான் நம் ஆல்பத்தில் பெரியவளின் சின்ன வயசுப் படங்களில் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு அவளைப் பிடித்திருக்கும். அது யார் கை என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காவது நாள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஐந்தாவது நாள் விடிகாலையில் வேனில் உடம்பாகத் திரும்பி வந்தாள். அவள் புருஷன் என் வாசலில் வந்து நின்றார். அழவில்லை.

“அண்ணா, அவ மூஞ்சி ஒண்ணுகூட ஊட்ல இல்லண்ணா. நாளிக்கி நானே மறந்துட்டா இன்னா பண்றது?”

கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். அந்த நாளில் வழக்கம் இதுதான். உடம்பைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மார்போடு சேர்த்துப் புடவையால் நாற்காலி முதுகில் கட்டுவார்கள். தாடைக்கட்டு தெரியாமல் பூவால் மறைப்பார்கள். அவரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். அவளுடைய வலது கையை நாற்காலிக் கைப்பிடியின்மேல் வைத்தார்கள். நான் குனிந்து பார்த்தபோது கண்ணாடிக்குள் அவள் சின்னதாக, நேராக, என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒதுங்கவில்லை. யாரைப் படம் எடுத்தாலும் அசையாதே, அசையாதே என்று சொல்லுவது என் வழக்கம். அன்றைக்கும் வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

அது பதினொன்றாவது படம்.

சாவு வீட்டுக்குள் போனவன் குளிக்காமல் தன் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அதனால் கேமராவை உள்ளே கொண்டுபோய் வைக்க முடியவில்லை. தோளில் மாட்டிக்கொண்டே ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கும் போனேன். எல்லாம் முடிந்து மற்றவர்கள் ஆற்றில் முழுகினார்கள். கேமரா நனைந்துவிடும், பிடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டுக் கிணற்றில் குளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன்.

லைனுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்து மஞ்சளாக இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே இருட்டில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. பெரியவள் அந்த வாசலில் உள்ளே பார்த்தபடி நின்றிருந்தாள். யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதும் திரும்பினாள். திரும்பினவள், தூக்கு என்று கேட்பதுபோல் ஒரு கையை மேலே உயர்த்தினாள். என் பக்கம் உயர்த்தவில்லை, பக்கவாட்டில் உயர்த்தினாள். அங்கே யாரும் இல்லை.

வெளிச்சம் நன்றாக இருந்தது. சுருளில் ஒரு படம் மிச்சம் இருந்தது. அதை முடித்தால்தான் பிலிமைக் கொடுக்க முடியும், பதினாறாம் நாளுக்குள் அவருக்குப் படம் வேண்டும். இப்படி எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, குளிக்காத உடம்போடு திருகைச் சுற்றி, குழந்தையைப் படம் எடுத்துவிட்டேன். பிறகுதான் கிணற்றுக்குப் போனேன்.

திருவள்ளூரில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோவில் பிலிமைக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வாங்கப் போனேன். அந்த ஸ்டூடியோவில் டச்சிங் செய்கிற வயதானவர் ஒருவர் இருந்தார். செத்தவர்களின் படத்தைப் பெரிதாக்கும்போது மூடின கண்ணைப் பிரஷ்ஷால் திறந்து வைப்பது அவர் வேலை. பதினொன்றாவதை நேராகப் பெரிசாகத்தான் போட வேண்டும் என்று மற்றச் சின்னப் படங்களை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு, எந்த அளவுக்குப் பெரிசு பண்ண வேண்டும், கண்ணு தொறக்கணுமா என்று காப்பிக்குச் சர்க்கரை போடட்டுமா என்கிற மாதிரி கேட்டார். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்புறம் அவர் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

“கடைசில சரியா சுத்தலியா நீ? ரெண்டும் ஒட்டிக்கினு கீது பாரு.”

பார்த்தேன். நிழலில் அவசரமாகச் சுற்றினபோது புள்ளி வந்ததையே எண் என்று நினைத்து நிறுத்தியிருக்கிறேன். அதனால் பதினொன்றாவது படத்தின் ஓரமும் பன்னிரண்டாவது படத்தின் ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன. பெரியவளின் படத்தைக் கையில் எடுத்தேன். கதவு இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்திருந்தது. முழங்கைக்கு மேல் ஒன்றும் இல்லை. ஐந்து புள்ளிக் கோலம் நன்றாகத் தெரிந்தது. விரல்கள் குழந்தையின் தோளில் இருந்தன. குழந்தை கையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் எனக்குத் தெரியும், மேலே எழுதியும்விட்டேன். இருந்தாலும் பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கவரை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சீட்டுக்குக் கீழே வைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் குழந்தைக்குக் காய்ச்சல். முந்தின நாளே லேசாக இருந்தது, அன்று கொதித்தது. அம்மா கவரைப் பிரித்தாள். வழக்கமாகப் படம் வந்ததும் ஆல்பத்தில் ஒட்டுவது அவள் வேலை. பெரியவளுக்காக மூலைக் காகிதங்களை முன்பே ஒட்டி வைத்திருந்தாள். பன்னிரண்டாவது படத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இது அன்னிக்கிப் போட்ட மஞ்ச கவுனு. சுடுகாட்லருந்து வந்து குளிக்காமக் கொயந்தைய எடுத்துகிறியா நீ?”

அவள் படத்தை அடுப்பில் போட்டாள். அது சுருண்டு எரிந்தது. பிலிம் எங்கே என்று கேட்டாள். ஸ்டூடியோவில் இருக்கிறது என்றேன். அது என் சட்டைப் பையில் இருந்தது.

“நாளிக்கே வாங்கினு வந்து இதுல போடு. கை எடுத்தாத்தான் கொயந்த பொயிக்கும்.”

போட்டுவிடலாம்தான். ஆனால் பதினொன்றும் பன்னிரண்டும் ஒரே துண்டு. அதை எரித்தால் அந்த மனிதருக்கு அவர் மனைவியின் முகம் உலகத்தில் எங்கேயும் இல்லை. எரிக்காமல் வைத்திருந்து குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று பகுத்தறிவு மீட்டிங்கில் பேசினவன் நான். அடுத்த நாள் ஷிப்டு முழுவதும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாசலில் வந்து, வந்துச்சாண்ணா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். அதற்கடுத்த நாளும் கேட்டார், அதே பதில்தான். மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தை கண்ணைத் திறக்கவே இல்லை. மூடின கண்ணோடு, அத்தே தூக்கு, தூக்கு என்று கையைச் சுவர்ப்பக்கம் நீட்டினாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் வீடு. நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். பிலிமைப் பையிலிருந்து எடுத்தேன்.

அப்போது அவர் ஒரு இளநீரோடு உள்ளே வந்தார். குழந்தையைப் பார்க்க வந்தவர் பாயில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்தார். முனகல் நின்றது. அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“உம் பொண்டாட்டி எங்கொயந்த தோள்ல கைய வச்சினு கீறாண்ணா. போட்டோல வந்துகீது. நா எரிச்சிட்டேன்.”

அவர் குழந்தையின் கையை விடாமல் நிமிர்ந்தார்.

“கை மட்டுமா?” என்றார்.

“கை மட்டும்தான்” என்றாள் அம்மா.

“அவ எப்பவும் அப்டித்தானம்மா. எந்தப் போட்டோல ஃபுல்லா நின்னா அவ? உயுந்துடப் போவுதுன்னு கொயந்தையப் புட்ச்சிக்குவா. இயுத்தாளா என்னிக்காவது?”

அம்மா ஆல்பத்தை எடுத்து வந்தாள். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் அந்தக் கை, அந்த ஐந்து புள்ளி. அத்தனை நாள் பார்த்த படங்கள்தாம். அன்றைக்கு அத்தனை கைகளையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அடுப்பங்கரை வாசலில் நின்ற என்னையும், என் கையில் இருந்த பிலிமையும் பார்த்தாள். ஸ்டூடியோவில் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எரிக்காத. வெட்டி உடு. அவளுது அவருக்குப் போவட்டும்” என்றாள்.

மறுநாள் காலையில் குழந்தையின் முகத்திலும் மார்பிலும் முத்து முத்தாக வெளியே வந்தது. அம்மை. வீட்டில் வேப்பிலை கட்டினோம். அம்மா பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நாளாக நாளாகத் தழும்பு இல்லாமல் இறங்கியது.

பிலிமை நான் கிணற்றடியில் உட்கார்ந்து வெட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்து, எங்கே வெட்டுவது என்று வெகுநேரம் பார்த்தேன். இரண்டு படத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு இல்லை. இந்தப் பக்கம் வெட்டினால் அந்தப் பெண்ணின் கை போய்விடும். அந்தப் பக்கம் வெட்டினால் என் குழந்தையின் தோள் போய்விடும். கடைசியில் தோள் பக்கம்தான் வெட்டினேன். கை முழுசாக அவளோடு போயிற்று, அதற்கடியில் ஒரு சின்னத் தோளும் கொஞ்சம் மஞ்சள் கவுனும் சேர்ந்து போயின. மிச்சத் துண்டு என்னிடம் இருக்கிறது. பெட்டியில், பீடிக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். அதை நான் பிரிண்ட் போடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டபோது, கண்ணைத் திறந்து வைக்கட்டும், நேராகப் பார்க்கட்டும் என்றார். அப்படியே டச்சிங்காரரிடம் சொன்னேன். படம் பெரிதாகி வந்தபோது அவள் கண்கள் நேராகப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏன் இப்படி என்று கேட்டேன். கை அங்கே இருக்கும்போது கண்ணு வேறு எங்கே போகும் என்றார். அவருக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டுச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். அவர் எதிரே நின்று வெகுநேரம் பார்த்தார். இவதாண்ணா என்று மட்டும் சொன்னார். அன்று அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரியபாளையம் போயிருந்தாள், நம் வீடு பூட்டியிருந்தது. சாவி என் மடியில் இருந்தது. கருமாதியும் முடிந்துவிட்டது, குளிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றும் தோளில் மாட்டியிருந்த கேமராவைக் கிணற்று மேடையில், துண்டை விரித்து, தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வைத்தேன். ஒரு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். இன்னொரு வாளியும் ஊற்றினேன். ஈரத்தோடு வந்து கதவைத் திறந்தேன்.