வாசல் நிலையில் கட்டிய தலையணை

பெரியம்மா வீட்டு வாசல் நிலையின் மேல் மரத்தில் ஒரு சின்னத் தலையணை கட்டியிருந்தது. இலவம்பஞ்சு அடைத்த பழைய குழந்தைத் தலையணை. வலைக் கயிற்றால் சுற்றி இறுக்கி முடிந்திருந்தார். என் அம்மாவுக்காகத்தான் அதைக் கட்டினார். அம்மா உயரமான ஆள். அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமையில் வாசலைத் தாண்டும்போதெல்லாம் நெற்றியை இடித்துக்கொண்டார். இடித்தவுடன் "ஐயோ அந்தோனியாரே!" என்று அம்மா கத்துவார். அடுப்படியில் இருந்து பெரியம்மா ஓடி வந்து அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொண்டு, தானும் "ஐயோ அந்தோனியாரே" என்பார். அவர் பழகிய முதல் தமிழ் அதுதான். பிறகு ஒரு நாள் காலை எழும்பிப் பார்த்தால் வாசலில் தலையணை. அம்மா அதைத் தலையால் ஒரு தரம் மெதுவாக முட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மன்னாரை விட்டு வெளிக்கிட்ட பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அது இந்தோனேசியாவில், ஜாவாவின் வடகரையில், ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம். அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றுவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் எங்கள் இரண்டு பேரையும் அந்த வீட்டில் கொண்டுவந்து விட்டான். ஒரு கிழமையில் வருகிறேன் என்றான். வரவே இல்லை. எங்கள் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் பெரியம்மாவுக்கு அவன் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அவர் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. மறுநாள் காலை மீன் வெட்டுகிற இடத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். மீனைக் கீறி, உப்புப் போட்டு, பாயில் காயப்போடுகிற வேலை அம்மாவுக்கு ஊரிலேயே கைவந்த வேலை. இரண்டு பேரும் ஒரே பலகையில் இருந்து வெட்டினார்கள். அம்மா தமிழில் கதைப்பார், அவர் தன் பாஷையில் கதைப்பார். வயதில் மூத்தவர் என்று அம்மா அவரை "அக்கா" என்று கூப்பிட்டார். அப்படித்தான் அவர் எனக்குப் பெரியம்மா ஆனார்.

அந்த வாசல் கட்டும்போதே சின்னதாக இருந்ததில்லை. கடல் வருடா வருடம் வீட்டுக்குள் வரும். தண்ணீர் வற்றியதும் ஊரில் எல்லாரும் மண் வாங்கிக் கொட்டி நிலத்தை உயர்த்துவார்கள். நிலம் உயரும், கூரை அங்கேயே நிற்கும். நாங்கள் போனபோது யன்னல் முழங்கால் மட்டத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாங்குக்கு மேலே கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு படிப்பார்கள். முன்பு ஊருக்கும் கடலுக்கும் நடுவே, சேற்றில் வேரூன்றி அலையைத் தடுக்கிற கண்டல் காடு இருந்ததாம். இறால் வளர்க்கிற கம்பனி ஒன்று வந்து, எல்லாருக்கும் வேலை தருகிறோம் என்று சொல்லி, காட்டை வெட்டிக் குளம் கட்டியது. சில வருடம் இறால் போனது, எங்கேயோ போனது. பிறகு குளத்தில் நோய் வந்தது. கம்பனி பம்பையும் வயரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டது. கடல் உள்ளே வந்தது. அந்தக் கதையைச் சைகையில் விளங்கிக்கொண்ட அன்று அம்மாவுக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சூடு ஏறுகிறது. "கண்டலை வெட்டினால் கடல் என்ன, படலையில நிண்டு கேட்டுக்கொண்டோ உள்ளுக்க வரும்?" என்றார். எங்கள் கடற்கரையிலும் கண்டல் உண்டு. ஒரு எழுத்தும் தெரியாத அம்மாவுக்கு விளங்கியது, வெட்டலாம் என்று கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்களுக்கு விளங்கவில்லையாம். யார் நம்புவது?

ஒரு தரம் நல்ல சப்பாத்துப் போட்ட ஆட்கள் வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். தண்ணீரை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பெரியம்மாவிடம், இந்த ஊருக்கு என்ன எதிர்காலம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். பெரியம்மா மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. அதற்குள் அவருடைய பாஷை எனக்குப் பிடிபட்டிருந்தது. "அடுத்த லொறி மண்ணுக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறன். நீ வரேக்க கொண்டுவந்தியா?" என்றார். மொழிபெயர்த்த பெடியன் அதை அவளுக்கு அப்படியே சொன்ன மாதிரித் தெரியவில்லை. வேறு என்னவோ சொன்னான், அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் ஆஸ்பத்திரி என்று நீலப் பெயின்ற் அடித்த ஒரு கட்டிடம் இருந்தது. உள்ளே ஒரு கட்டில் இருந்தது. நேர்ஸ் இல்லை. தண்ணீர் ஏறுகிற இடத்துக்கு வர ஒருவருக்கும் விருப்பமில்லை. பட்டணத்துக்குப் போகிற றோட்டு தண்ணீருக்குக் கீழே. பெரியம்மாவின் மகன் வள்ளத்தை எடுத்தான். பெரியம்மாவின் மடியில் தலை வைத்து, பட்டணத்து வெளிச்சம் தெரிகிற தூரத்தில், அம்மா போய்விட்டார். ஒரு றோட்டு இருந்திருந்தால் என் அம்மா இன்றைக்கு இருப்பார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? முஸ்லிம் ஊர் அது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டு, அம்மாவை அடக்கத் தங்கள் மையவாடியின் ஓரத்திலேயே இடம் கொடுத்தார்கள். மகன் வள்ளப் பலகையில் சிலுவை அடித்து நட்டான்.

என்னைக் கனடாவுக்கு, மொன்றியலுக்குக் கூப்பிட்டது மாமா. அம்மாவின் ஒரே அண்ணன். தன் பங்குக் கோயிலில் சொல்லி, கடிதம் எழுதி, காசு சேர்த்துக் கூப்பிட்டார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறப்பதற்கு மாமா விட்டதும் இல்லை. லாசால் பகுதியில் அவர்களுடைய வீட்டில் இருந்துகொண்டு பெட்டி அடைக்கிற கம்பனியில் வேலைக்குப் போனேன். ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த வேலை போதும் என்று மாமி சொன்னார். பெரியம்மாவின் மகன் எனக்கு ஃபோனில் ஒரு தரம் அடித்துவிட்டு வெட்டுவான். நான் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஃபோன் காட் வாங்கி, திருப்பி எடுத்துக் கதைப்பேன்.

அம்மாவின் ஆண்டுப் பூசை நடந்த ஞாயிறு காலையும் அப்படித்தான் அடித்தது. திருப்பி எடுத்தேன். பெரியம்மா சுகம் விசாரிக்காமலே தன் பாஷையில் தொடங்கினார். "தண்ணி மையவாடிக்குள்ள வந்திட்டுது, பிள்ளை. எல்லாரும் தங்கட தங்கட ஆக்களைத் தோண்டி எடுத்து, பள்ளிவாசலுக்குப் பின்னால மேட்டில வைக்கிறம். வாற பறுவத்துக்கு முன்னம் முடிக்க வேணும். இனத்தார் சொல்லாமல் ஒருத்தற்ற மையத்திலயும் கை வைக்க மாட்டம். உன்ர வாயால சொல்லு. நீ சொன்னா, அக்கா எண்டு நான் நிண்டு எடுப்பன்." பறுவத்துக்கு, கடல் பெருகி ஏறுகிற அந்த முழுநிலவு நாளுக்கு, ஒரு கிழமைதான் இருந்தது. அம்மாவின் கூடப்பிறந்தவர் இங்கே இருக்கிறாரே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. மேசையில் இறால் பொரியல். ஒவ்வொன்றும் விரல் மொத்தம். குசினிக் குப்பை வாளிக்குள் அந்த இறால் வந்த பை கிடந்தது. எனக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த நாட்டின் பெயரை எந்த எழுத்திலும் கண்டுபிடிப்பேன். நான் இறாலைத் தொடவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

மாமா கறிக் கையோடு நிமிர்ந்தார். "ஆர் கேட்டது?"

"பெரியம்மா."

"எந்தப் பெரியம்மா? என்ர தங்கச்சிக்கு அக்கா ஒருத்தி இருக்கிறது எனக்குத் தெரியாதோ?"

மாமி சிரித்தார். "அப்ப எனக்கு ஒரு மச்சாள் கூடியிருக்கிறா. வாற நத்தார்ப் பெருநாளுக்குச் சீலை எடுத்து அனுப்ப வேணும், என்ன?"

"நீ சும்மா இரு," என்றார் மாமா. பிறகு என்னிடம், "ஏற்கெனவே கோயிலில சனம் கேக்குது, சிலுவை போட்ட பிள்ளை அங்க சேத்துக்குள்ள கிடக்குதெண்டு. நான் ஃபாதரோட கதைக்கிறன். நாலு பேரைச் சேத்து ஒரு குழு போடுவம். எலும்பை மன்னாருக்குக் கொண்டுபோறதுதான் முறை. அவையளை ஒண்டும் தொட வேண்டாம் எண்டு சொல்லு."

"குழு கூடுறதுக்குள்ள கடல் கொண்டுபோயிடும், மாமா."

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு, பிள்ளை. அந்த ஊரை விட்டுத் தள்ளு. எதிர்காலமே இல்லாத ஊர்."

அந்தச் சொல்லில்தான் எனக்கு வெடித்தது. "இல்லாமப் போகேல்ல. எடுத்துத் திண்டாச்சு. உங்கட கோப்பையில கிடக்குது பாருங்கோ. இந்த இறாலுக்குத்தான் அங்க கண்டலை வெட்டினவை. அம்மா வள்ளத்தில செத்ததும் அதாலதான். இப்ப அம்மாவின்ர குழிக்குள்ள தண்ணி வாறதும் அதாலதான்."

"இறால் மலிவாப் போட்டிருந்தவன் எண்டு வாங்கினது ஒரு குற்றமோ?" என்றார் மாமி. அவருடைய குரல் உண்மையாகவே நொந்திருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

நான் எழும்பிக் கை கழுவினேன். மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஃபோனை எடுத்து, காட்டில் இருந்த நம்பர்களை அடித்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். பெரியம்மாவே எடுத்தார், பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். "எடுங்கோ, பெரியம்மா," என்று அவருடைய பாஷையிலும் சொன்னேன், இருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன். "அம்மாவின்ர அக்கா நீங்கள்தான். நீங்கள் நிண்டு எடுங்கோ."

மாமா கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "தாய்மாமன் நான் உயிரோட இருக்கேக்க," என்று தொடங்கியவர் முடிக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்த மாத முடிவில் நான் அந்த வீட்டை விட்டு வந்தேன். பெற்ற தாயை அந்நியருக்குத் தாரை வார்த்தவள் என்று கோயில் வாசலில் மாமா என்னைப் பற்றிக் கதைத்ததாகக் கேள்விப்பட்டேன். அவருடைய குழு இன்றுவரை ஒரு தரமும் கூடவில்லை.

பறுவம் கழிந்து பெரியம்மா ஃபோன் அடித்தார். மகனும் இன்னும் இரண்டு பேரும் தோண்டினார்களாம். எலும்பை வெள்ளைத் துணியில் சுற்றி மேட்டுக்குக் கொண்டுபோய், சிலுவையையும் பிடுங்கி அங்கேயே நட்டார்களாம். "உங்கட மந்திரம் எனக்குத் தெரியாது, பிள்ளை. தெரிஞ்சதைச் சொன்னன்."

"என்ன சொன்னீங்கள்?"

"ஐயோ அந்தோனியாரே."

அவர் தொடர்ந்து சொன்னார். இந்த வருடமும் மண் போட்டாயிற்று. இனி வாசலால் எல்லாரும் தவண்டுதான் போக வேண்டும், உயரமான ஆளுக்கென்று தலையணை எதற்கு? அதை அவிழ்த்துக்கொண்டு போய் அம்மாவின் தலைக்குக் கீழே வைத்தாராம். "உங்கட சமயத்தில அது பிழையோ?" என்று பயந்து கேட்டார். பிழை இல்லை என்றேன்.

இப்போது மொன்றியலிலேயே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நிலத்துக்குக் கீழே ஒரு அறை எடுத்திருக்கிறேன். படி இறங்கி உள்ளே போகிற இடத்தில், தலை மட்டத்தில், சூடு வருகிற குழாய் ஒன்று குறுக்கே போகிறது. நானும் அம்மாவின் உயரம். வேலையால் களைத்து வருகிற நாட்களில் இடித்துவிடும். இடித்தவுடன் என் வாயிலும் அதே சொல்தான் வருகிறது. சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்கிறேன். அடுப்படியில் இருந்து ஒருவரும் ஓடி வருவதில்லை. துணி கிழித்து அந்தக் குழாயில் சுற்றிவிடு என்று வீட்டுக்காரன் சொல்கிறான். நான் சுற்றவில்லை. இடிக்கட்டும்.